தலைமடையும் கடைமடையும்: கொங்கு நாட்டு நீர்ப் பகிர்வில் ஒத்துழைப்பும் பூசலும்

மனித ஒத்துழைப்பைப் பற்றிய பரிணாம ஆய்வு ஒரு புதிரிலிருந்து தொடங்குகிறது. சூழலுக்கு ஏற்ற இயல்புள்ள உயிர்கள் மிகுதியான சந்ததிகளை விட்டுச் செல்வதால் அவ்வியல்புகள் தலைமுறைதோறும் பெருகுவதை இயற்கைத் தேர்வு என்கிறோம். இத்தேர்வு தன்னலம் பேணும் உயிர்க்கே துணை நிற்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். மனிதர்களோ தமக்கு எவ்வகையிலும் உறவில்லாதவர்களுடன் கூடிக் கால்வாய் வெட்டுகிறார்கள், கரை காக்கிறார்கள், முறை வைத்து நீர் பாய்ச்சுகிறார்கள். அதே மனிதர்கள் அதே கால்வாயின் மதகடியில் ஒருவரையொருவர் மண்வெட்டியால் தாக்கிக்கொள்ளவும் செய்கிறார்கள். இவ்விரண்டையும் நற்குணம், தீக்குணம் என்று பிரித்து வைப்பது எளிது. ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. இரண்டும் ஒரே மனத்தின் செயல்கள் என்பதையும், எப்போது எது மேலெழும் என்பதைச் சுற்றுச்சூழலும் அதன்மீது மனிதர் அமைத்துக்கொண்ட ஏற்பாடுகளுமே தீர்மானிக்கின்றன என்பதையும் கொங்கு நாட்டின் நீர்ப் பகிர்வை முன்வைத்து ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

கொங்கு நாடு இந்த ஆய்வுக்குப் பொருந்துவதற்கு அதன் நில அமைப்பே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் கிடக்கும் கோவைச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. மலையில் பிறந்து கிழக்கே ஓடிக் காவிரியில் சேரும் பவானி, நொய்யல், அமராவதி ஆகிய ஆறுகளும், கடும்பாறையின் வெடிப்புகளில் தேங்கும் நிலத்தடி நீருமே இச்சமவெளியின் வேளாண்மைக்கு ஆதாரம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே திசையில் ஓடும் நீரை வைத்து வாழும் சமூகத்தில் முதலில் எடுப்பவர், பின்னர் எடுப்பவர் என்ற ஏற்றத்தாழ்வு நிலத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ளவர் தலைமடைக்காரர். இறுதியில் உள்ளவர் கடைமடைக்காரர். ஒத்துழைப்பைப் பற்றிய கோட்பாடுகள் பலவும் சமநிலையில் உள்ள இருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், இந்த ஏற்றத்தாழ்வு அவற்றுக்குக் கடுமையான சோதனையாகிறது.

அக்கோட்பாடுகளுள் முதலாவது, 1964-இல் ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் முன்வைத்த உறவுத் தேர்வு. ஓர் உயிர் தன் நெருங்கிய உறவுக்குச் செய்யும் உதவி, இருவருக்கும் பொதுவான மரபணுக்களின் பெருக்கத்துக்கும் உதவுவதால், உறவு நெருங்க நெருங்க ஈகமும் வளரும் என்பது அதன் சாரம். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் உடன்பிறந்தார் பங்கிட்டுக்கொண்ட பங்குக் கிணறே கொங்கு நாட்டில் அமைதி மிகுந்த இடமாக இருந்திருக்க வேண்டும். உண்மை அதற்கு நேர்மாறானது. கிணற்றுப் பங்கைப் பற்றிய வழக்குகள் இவ்வட்டார நீதிமன்றங்களில் தலைமுறைகளைத் தாண்டி நடந்திருக்கின்றன. கோட்பாடு பொய்த்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அதன் இரண்டாம் பகுதி பலராலும் கவனிக்கப்படாமல் போனது என்பதே பொருள். உறவினர்கள் ஒரே சிறிய வளத்துக்காகத் தமக்குள்ளேயே போட்டியிட வேண்டிய நிலையில் உறவு தரும் ஈகத்தை அந்தப் போட்டி அழித்துவிடும் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டினர். அத்திப் பழத்துக்குள் பெண்குளவிகளுக்காகச் சண்டையிடும் ஆண்குளவிகளிடம் உடன்பிறப்பு என்ற தயவு வெளிப்படுவதில்லை என்பதை ஸ்டூவர்ட் வெஸ்ட்டும் அவருடைய சகாக்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. ஒரே குலக் கூட்டத்தைச் சேர்ந்த பங்காளிகளைவிட, சொத்தில் பங்கு கேட்கும் உரிமையில்லாத மாமன் மச்சான் உறவு தொழிலுக்கும் ஆபத்துக்கும் துணையாக நிற்பதைக் கொங்குக் குடும்பங்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. உயிரியல் அதற்கான காரணத்தைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தது.

பங்குக் கிணறு ஒரு காலத்தில் ஓரளவு அமைதியாகவும் இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்த நாட்களில் ஒரு பகலில் இறைக்கக்கூடிய நீருக்கு மாட்டின் வலுவே வரம்பாக இருந்தது; அண்ணன் முறை முடிந்து தம்பி முறை வருவதற்குள் கிணற்றில் ஊற்று மீண்டும் ஊறிவிடும். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, மின்சாரம் சமவெளிக்கு வந்து, கோவையின் பட்டறைகளே பம்புகளை வார்க்கவும் தொடங்கிய பிறகு அந்த வரம்பு மறைந்தது. கிணற்றின் அடியில் போர் போடுவதும், பக்கச் சுவர்களில் படுக்கைவாட்டில் துளையிட்டு அடுத்தவர் நிலத்தின் அடியிலிருக்கும் நீரையும் இழுப்பதும் இவ்வட்டாரத்தில் வழக்கமாயின. நிலத்தடி நீர் எவருடைய வேலிக்கும் கட்டுப்படாதது. ஒருவர் எடுக்காமல் விட்டதை அடுத்தவர் எடுத்துவிடுவார் என்னும்போது சிக்கனம் காட்டியவரே இழக்கிறார். இதைத்தான் காரெட் ஹார்டின் 1968-இல் பொது வளத்தின் அவலம் என்று பெயரிட்டு எழுதினார்.

ஹார்டின் தம் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட சான்று மேய்ச்சல் நிலம். அதற்கு அவர் கண்ட தீர்வு தனியுடைமை அல்லது அரசின் கட்டுப்பாடு. காங்கயம், தாராபுரம் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் உழவர்கள் அவரை எதிர்பார்க்காமலே முதல் தீர்வைக் கண்டிருந்தார்கள். கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரங்களின் இடையே கொழுக்கட்டைப் புல் வளரும் கொறங்காடு என்னும் தனியார் மேய்ச்சல் நிலத்தில், காங்கயம் மாடுகளை மாற்றி மாற்றி அடைத்து மேய்க்கும் முறை, மழை பொய்த்த ஆண்டுகளிலும் புல்லின் வேரைக் காத்தது. புல் நின்ற இடத்தில் நிற்பதால் வேலி அங்கே தீர்வானது. நீர் ஓடுகிறது, கசிகிறது, ஊறுகிறது என்பதால் அதே வேலி நீருக்குப் பயன்படவில்லை. வளத்தின் இயல்பை ஆராயாமல் தீர்வைப் பரிந்துரைப்போர் அனைவரும் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

இரண்டாவது கோட்பாடு கைம்மாறு பற்றியது. உறவில்லாத இருவரும் மீண்டும் மீண்டும் சந்திக்கும் வாய்ப்பிருந்தால், இன்று செய்த உதவி நாளை திரும்பும் என்ற எதிர்பார்ப்பில் ஒத்துழைப்பு வளர முடியும் என்று ராபர்ட் ட்ரிவர்ஸ் 1971-இல் காட்டினார். விருந்தில் எழுதப்படும் மொய்க் கணக்கு இதன் மிகத் தெளிவான வடிவம். ராபர்ட் ஆக்செல்ராட் நடத்திய கணினிப் போட்டிகளில், முதலில் ஒத்துழைத்து, அதன்பின் எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும் எளிய உத்தி வென்றதும் இக்கோட்பாட்டுக்கு வலுச் சேர்த்தது. ஆனால் ஆற்றங்கரையில் இந்த உத்தி செல்லுபடியாவதில்லை. தலைமடைக்காரர் நீரை அடைத்தால் கடைமடைக்காரர் பதிலுக்கு எதையும் அடைக்க முடியாது; நீர் மேடேறாது. கைம்மாறு இயலாத இடத்தில் ஒத்துழைப்பு எப்படி உருவாகிறது என்பதே உண்மையான கேள்வி.

அக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மிகச் சிறந்த விடைகள் ஆசியாவின் வயல்களிலிருந்தே கிடைத்தன. 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமும் அவருடைய சகாக்களும் நேபாளத்தின் பாசன அமைப்புகளை ஒப்பிட்டபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். கல்லும் மரக்கிளையும் கொண்டு உழவர்களே கட்டி, ஒவ்வோர் ஆண்டும் வெள்ளத்தில் உடையும் தடுப்பணைகள் உள்ள இடங்களில் கடைமடைக்கு நீர் ஒழுங்காகச் சென்றது. அரசு கட்டிய உறுதியான நிரந்தர அணைகள் உள்ள பல இடங்களில் அவ்வாறு செல்லவில்லை. உடைந்த அணையைச் சீர்செய்யக் கடைமடைக்காரரின் உழைப்புத் தேவைப்பட்ட வரையில் தலைமடைக்காரர் அவருக்கு நீர் விட வேண்டியிருந்தது. கான்கிரீட் வந்ததும் அந்தத் தேவை மறைந்தது, நீரும் நின்றது. பாலித் தீவில் மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் கண்டதும் இதற்கு இணையானது. மேட்டு உழவரும் பள்ளத்து உழவரும் ஒரே நேரத்தில் நட்டு, ஒரே நேரத்தில் வயலை ஓய்வில் விட்டால்தான் பயிர்ப் பூச்சிகள் இரையின்றி மடியும் என்பதால், மேட்டு உழவர் தம் வயலைப் பூச்சியிலிருந்து காக்கவே பள்ளத்துக்கு நீர் விட்டார். இரு சான்றுகளிலும் மேட்டுக்காரரின் பெருந்தன்மை எந்தப் பங்கும் வகிக்கவில்லை; பள்ளத்துக்காரர் இன்றித் தம்மால் இயலாது என்ற நிலையே நீரைக் கீழே விட்டது.

இந்தக் கண்ணோட்டத்தோடு பவானிப் பாசனத்தைப் பார்க்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன், பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்கருகே அணை கட்டி, வளைந்து வளைந்து கொடுமுடிப் பக்கம் வரை செல்லும் வாய்க்காலை வெட்டினார். தானும் தன் வழியினரும் அந்த வாய்க்கால் நீரைப் பயன்படுத்துவதில்லை என்று அவர் உறுதி பூண்டு ஊரைவிட்டு நீங்கினார் என்பது இன்றும் மக்களிடையே வழங்கும் மரபு. வரலாற்று ஆவணமாக அதைக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், ஒரு பொதுப்பணிக்குத் தலைமை ஏற்பவர் அதன் பயனைத் தாமே துறந்து காட்டும்போதுதான் பிறர் அவரை நம்பி உழைக்க முன்வருவர் என்பதை மக்கள் நினைவு சரியாகப் பற்றியிருக்கிறது. போலியாகச் செய்ய முடியாத அளவுக்குச் செலவு மிகுந்த செயலே நம்பத்தக்க அறிகுறி என்று பரிணாம உயிரியலும் கூறுகிறது.

விடுதலைக்குப் பிறகு கட்டப்பட்டு 1955-இல் நிறைவுற்ற பவானிசாகர் அணை ஆற்றின் கணக்கையே மாற்றியது. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் 24,504 ஏக்கரும், காலிங்கராயன் வாய்க்காலின் 15,743 ஏக்கரும் பழைய ஆயக்கட்டாக, அதாவது பாசனப் பரப்பாக, நின்றன. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளும் கீழ்பவானிக் கால்வாய் 2,07,000 ஏக்கரைப் புதிதாகப் பாசனத்துக்குள் கொண்டுவந்தது. அத்தனை நிலத்துக்கும் ஒரே பருவத்தில் விட நீரில்லை. எனவே புதிய ஆயக்கட்டு ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் என்ற அடிப்படையில் 1,03,500 ஏக்கர் கொண்ட இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதிக்கு ஆகஸ்டிலிருந்து நன்செய்ப் பயிருக்கும், மறு பாதிக்கு அதன்பின் வரும் பருவத்தில் புன்செய்ப் பயிருக்கும் நீர் கிடைக்கும். அடுத்த ஆண்டு வரிசை மாறும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் போதிய அளவு பாராட்டப்படவில்லை. கால்வாயைத் தலைப்பாதி, கடைப்பாதி என்று வெட்டியிருந்தால் இரு பகை முகாம்கள் தோன்றியிருக்கும். ஒற்றை, இரட்டை என்று பிரித்ததால் ஒவ்வொரு பாதியும் கால்வாய் நெடுக விரவிக் கிடக்கிறது. இவ்வாண்டு நெல் நடுபவரின் அண்டை வயல்காரர் அடுத்த ஆண்டு நெல் நடுவார். இடத்தில் இல்லாத சமநிலையைக் காலத்தில் உண்டாக்கியது இந்த முறை. ட்ரிவர்ஸ் கேட்ட கைம்மாறு இவ்வழியாக ஓர் அரசாணையின் துணையோடு சாத்தியமாயிற்று. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்திலும் ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைக்கிறார்கள். ஆனால் ஆயக்கட்டு விரிய விரிய ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடைவெளி நீண்டுபோனதால், கால்வாயை ஒட்டிய கிணறுகள் வழியாக நீரைத் திருடும் தூண்டுதல் அங்கே வலுப்பெற்றது. முறை என்பது காத்திருப்பவர் பொறுக்கக்கூடிய அளவுக்குள் இருந்தாக வேண்டும்.

முறையை மீறுபவரைத் தண்டிப்பது யார் என்பது அடுத்த சிக்கல். தமக்கு எந்த ஆதாயமும் இல்லாதபோதும், தம் கையிலிருந்து செலவழித்தேனும் ஏமாற்றுக்காரரைத் தண்டிக்க மனிதர்கள் முன்வருகிறார்கள் என்பதையும், அத்தகைய தண்டனை இல்லாத குழுக்களில் ஒத்துழைப்பு விரைவில் சரிகிறது என்பதையும் எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கேக்டர் இருவரும் 2002-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. ஆனால் அண்டை வீட்டாரைத் தண்டிப்பவர் பகையைச் சம்பாதிக்கிறார். அப்பகையை ஒருவர் தலையில் சுமத்தாமல் ஊரே கூலி கொடுத்து மடை காக்கும் நீராணிக்காரரை அமர்த்தியது பழைய ஏற்பாடு. தமிழகத்தின் 48 பாசனச் சமூகங்களைப் பொருளியலாளர் பிரணாப் பர்தன் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட கட்டுரை, காவலர் உள்ள இடங்களில் ஒத்துழைப்பு மேம்பட்டிருப்பதையும், நில உடைமையில் ஏற்றத்தாழ்வு மிகுந்த இடங்களில் அது குன்றியிருப்பதையும் பதிவு செய்தது.

அந்த ஏற்றத்தாழ்வைப் பேசாமல் பழைய குடிமராமத்தைப் புகழ்வது நேர்மையாகாது. ஏரி, வாய்க்கால்களை ஊரார் கூடிப் பராமரித்த அம்முறைக்கு 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் சட்ட வடிவம் தந்தது. கட்டாயம் என்ற பெயரே அதன் இயல்பைச் சொல்கிறது. சேற்றில் இறங்கித் தூர் வாரியவர்களும் இரவில் மடை காத்தவர்களும் பெரும்பாலும் நிலமில்லாத, தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். நீரின் பயன் நிலமுடையவருக்கும் உழைப்பின் சுமை நிலமற்றவருக்கும் சென்ற ஓர் ஏற்பாட்டை ஒத்துழைப்பு என்று அழைக்கும்போது, யாருக்கிடையிலான ஒத்துழைப்பு என்று கேட்டாக வேண்டும். குழுவுக்குள் ஈகமும் குழுவுக்கு வெளியே உள்ளவர்மீது கடுமையும் ஒன்றாகவே பரிணமித்திருக்கக்கூடும் என்று சாமுவேல் பவுல்ஸ் முதலியோர் 2007-இல் கணித மாதிரிகளின் வழியே வாதிட்டனர். சாதிச் சமூகத்தில் வாழ்வோருக்கு அவ்வாதம் எந்தக் கணிதமும் இன்றி விளங்கும்.

குழுவுக்குள் ஒற்றுமை, வெளியே மோதல் என்ற இணைப்பை 1970-களின் உழவர் போராட்டங்கள் மற்றொரு விதத்தில் வெளிப்படுத்தின. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டதில் மூன்று உழவர்கள் உயிரிழந்தனர். உழவர் தலைவர் வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் 1972-இல் கோவை நகரத்தை மாட்டு வண்டிகள் நிறைத்தன. அந்த ஒற்றுமை வீரம் மிக்கது, நியாயமும் உடையது. அக்கோரிக்கையின் நெடுந்தொடர்ச்சியாக 1990-இல் உழவர்கள் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. ஆயினும் அரசுக்கு எதிராக உயிரைக் கொடுத்து ஒன்றுபட்ட அதே உழவர்கள், இரு ஆழ்துளைக் கிணறுகளுக்கு இடையே எத்தனை அடி விட வேண்டும் என்பதில் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வரவில்லை. நீர் இறைக்கும் செலவு இல்லாமற்போனதும் ஆழத்துக்கான போட்டிக்குத் தடையேதும் இல்லை. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டது. எதிரி கண்முன் நிற்கும்போது எளிதாகும் ஒற்றுமை, எதிர்ப்பதற்கு எவரும் இல்லாமல் நீர்மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும்போது அரிதாகிவிடுகிறது.

நொய்யலின் வரலாறு இவற்றுள் மிகக் கசப்பானது. அதன் கரையிலுள்ள திருப்பூரின் பின்னலாடைத் தொழில் நம்பிக்கையும் உறவும் கடனும் கைமாறும் சிறு நிறுவனங்களின் கூட்டுறவால் வளர்ந்தது. நிலத்தில் உழைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் தொழிலாளிகளாகத் தொடங்கி முதலாளிகளாக உயர்ந்த வரலாற்றை ஆய்வாளர் ஷரத் சாரி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஒத்துழைப்பின் செலவு ஆற்றின் கீழ்ப்பகுதிக்குச் சென்றது. 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, எந்த உழவர்களுக்காகக் கட்டப்பட்டதோ அவர்களே அதன் நீரைத் தங்கள் வயலுக்கு வேண்டாம் என்று மறுக்கும் நிலை வந்தது. சாயப்பட்டறையை நடத்தியவரும் கீழே தென்னையை இழந்தவரும் பல இடங்களில் ஒரே சமூகத்தவர். சாதி உறவோ குலதெய்வமோ சாயக்கழிவின் உப்பைத் தடுக்கவில்லை. பட்டறைக்காரருக்குக் கீழ்ப்பகுதி உழவரிடம் எந்தத் தேவையும் இல்லாததே காரணம்.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். ஆணைகள் மீறப்பட்டுக்கொண்டே வந்த நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒட்டுமொத்தமாக மூட உத்தரவிட்டது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்று பிரிக்காத அந்த ஆணை பலரை வருத்தியது; வேலையிழந்த தொழிலாளர்களின் துயரமும் பெரிது. ஆயினும் பரிணாமக் கண்ணோட்டத்தில் அதன் விளைவு தெளிவானது: அதுவரை பக்கத்துப் பட்டறையின் கழிவைப் பார்த்தும் பாராதிருந்தவருக்கு, அக்கழிவு தம் பட்டறையையும் மூடிவிடும் என்ற நிலை வந்தது. ஒரு துளிக் கழிவும் ஆற்றில் சேராத வகையில் நீரை வடிகட்டியும் ஆவியாக்கியும் மீட்டெடுக்கும் முறைக்குத் தொழில் மாறியதன் பின்னே இந்தப் பொது விதி இருக்கிறது. ஆறு தானாகத் தராத பரஸ்பரத் தேவையை நீதிமன்றம் செயற்கையாக உண்டாக்கியது. பல ஆண்டுகளாக நிலமும் கிணறும் பாழான பிறகு அது வந்தது என்பதே வருத்தத்துக்குரியது.

இன்று அதே கேள்வி கீழ்பவானிக் கால்வாயில் எழுந்திருக்கிறது. கால்வாயை நவீனப்படுத்தும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் கோவையில் அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, கரைகளுக்குக் கான்கிரீட் இடுவதை உழவர்களில் ஒரு சாரார் வேண்டியும் மற்றொரு சாரார் எதிர்த்தும் போராடி வருகிறார்கள். கடைமடைக்கு நீர் போய்ச் சேரவில்லை என்பவரின் குறை உண்மையானது. மண் கரையின் கசிவால்தான் தம் கிணறுகளும் ஊர்க் குடிநீரும் நிற்கின்றன என்பவரின் அச்சமும் உண்மையானது. கசிவு நீர் வீணாகும் நீர் என்ற பொறியியல் கணக்கில் அவர்களுடைய வேளாண்மை இடம்பெறவே இல்லை. கசிவை நம்பியவர்கள் கால்வாய்க்காரருக்குத் திருப்பித் தருவதற்கு ஏதுமற்றவர்கள் என்பதால், இப்பூசலில் அவர்களே இன்னொரு கடைமடை.

பாசன அமைப்புகளை உழவர்களே நிர்வகிப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2000-இல் இயற்றப்பட்ட சட்டம், ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களையே உறுப்பினராகக் கொள்கிறது. கசிவு நீர்க் கிணறுகளைக் கணக்கெடுத்து, அக்கிணற்று உழவர்களையும் கால்வாய் நீரைக் குடிக்கும் ஊர்களையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாக்க வேண்டும். நிலமற்ற தொழிலாளர்க்கும் அங்கே இடம் வேண்டும். ஒவ்வொரு மதகிலும் திறக்கப்படும் நீரின் அளவை அன்றாடம் எழுதி வைத்து, கடைமடை உழவர் அதைத் தாமே சரிபார்க்கும் உரிமையையும் தர வேண்டும். இவை நிறைவேறும் வரை எந்தக் கரையிலும் கான்கிரீட் இடும் பணியைத் தொடங்கலாகாது என்று அரசையும் இரு தரப்பு உழவர் சங்கங்களையும் இந்த அவை கேட்டுக்கொள்ள வேண்டும்.